தில்லைநாதன் பெயர் ஒட்டிய குழாய்

1

இக்கதை முதலில் ஒரு கடிதமாக இருந்தது. எழுதச் சொன்னவர் என் தங்கையின் கணவர். யாருக்கு எழுத வேண்டுமோ அவள் என் தங்கை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உறங்குகிறவர்கள். அத்தகையோர்க்கு இடையில் கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. நானும் கேட்டேன்.

"வாயால சொன்னா பாதியில நின்னுடுவேன் மச்சான். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, அவள படிக்க விட்டுட்டு நான் வெளிய போயிடலாம்."

முப்பத்தைந்து ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விண்ணப்பம், வாழ்த்துமடல், இரங்கற்பா எனக் கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலத்தைப் பற்றி எழுதித் தருமாறு ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

[பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவில்லை. சிதம்பரத்திற்கும் கடலூருக்கும் இடையே உள்ள சாலையை மாற்றினால் இக்கதை நடவாது.]

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "தில்லைநாதன் ஒரு கோழை." எழுதியவுடன் அடித்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். படிக்கட்டில் தொங்கிய எத்தனையோ மாணவர்களைச் சட்டைக் காலரைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டவர். அச்சொல் அவருக்கு முழுதும் பொருந்தாது. எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இரண்டாவது: "கீழவீதியிலுள்ள திருமண மண்டபம் ஒன்றில் ஞாயிறன்று காலை நடைபெற்ற இலவச மருத்துவ முகாமில், நாற்பத்தைந்து அகவை கடந்தோர்—" இது செய்தித்தாளுக்கு உரிய நடை. ஆயினும் செய்தி வேண்டும். ஆகலின் சுருங்கச் சொல்கிறேன். அம்முகாமில் ஆளுக்கொரு சிறிய பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார்கள். மூடியைத் திருகி எடுத்தால் அதனோடு ஒரு குச்சி வரும். காலைக்கடனின்போது காகிதம் விரித்து, மலத்தில் நான்கைந்து இடங்களில் அக்குச்சியால் குத்தி, மீண்டும் உள்ளே செருகி மூடிவிட வேண்டும். பெயர் எழுதிய தாளை வெளியே ஒட்டிக் கடலூரில் உள்ள ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருப்பின் அங்கே கண்டு சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பெருங்குடலுக்குள் கருவி செலுத்திப் பார்க்க வேண்டும். புற்று இருக்கலாம், பெரும்பாலும் இராது. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு முளை இருந்தால், பார்க்கும்போதே கிள்ளி எடுத்துவிடலாம். இவ்வளவே.

மூன்றாவது: "தில்லைநாதனின் அண்ணன் சடையப்பன் பெருங்குடற்புற்றால் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு." இதுவே சரியான தொடக்கம். மனைவியை முன்னரே இழந்த சடையப்பன், கடைசி மூன்று மாதங்கள் தம்பி வீட்டின் உள்ளறையில் கிடந்தார். அவர் வயிற்றில் பொருத்தியிருந்த பையை மாற்றியவளும் துணிகளை அலசியவளும் என் தங்கை ஞானாம்பாள். தில்லைநாதன் அவ்வறைக் கதவுக்கு வெளியே நிற்பார். "அண்ணே, கஞ்சி குடிக்கிறியா?" என்று வெளியிலிருந்தே கேட்பார். உள்ளே போனதில்லை.

3

ஞானாம்பாளுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். இருநூறு குழந்தைகளுக்குச் சோறாக்கும் கூடத்தை நடத்துகிறவள். ஆகவே வீட்டில் ஓர் ஆளை நடத்துவது அவளுக்குப் பெரிய வேலை அன்று.

இருவர் பெயரிலும் குழாய் வாங்கி வந்து ஐந்து நாளாகியும் தில்லைநாதன் தம்முடையதைத் தொடவில்லை.

"இன்னிக்கும் குடுக்கலன்னா குச்சிய எடுத்துக்கினு நானே பின்னாடி வருவேன்."

"கண்டக்டர் பின்னால செக்கிங் வர்ற மாதிரியா?"

"ஆமா. டிக்கெட் இல்லாம எறங்க முடியாது."

"எனக்கு வரமாட்டேங்குது ஞானம். காயிதத்தப் பாத்தா நின்னுபோவுது."

"சரி, தொணைக்கு நானும் குடுக்கறேன். மொத ஆளா குடுக்கறேன். எனக்கு இன்னா, கல்லத் தின்னாலும் செரிக்கும்."

மறுநாட் காலையிலேயே கொடுத்தும்விட்டாள். தன் குழாயின்மேல் தன் பெயரை ஒட்டி, எவர்சில்வர் டப்பாவில் இட்டு, குளிர்ப்பெட்டியில் தோசை மாவுக்குப் பின்னால் வைத்தாள். அன்று தில்லைநாதன் தோசை உண்ண மறுத்தார்.

"மாவுக்குப் பின்னாடிதான இருக்குது? மாவுக்குள்ளயா இருக்குது? ஒக்காந்து சாப்புடுங்க."

இந்தத் 'துணைக்கு' என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தனக்காக அவள் அச்சோதனையைச் செய்துகொள்ளவில்லை. குளத்தில் இறங்க அஞ்சுகிறவனுக்கு முன்னே படியில் இறங்கிக் காட்டுவது போல இறங்கிக் காட்டினாள். அவ்வளவே.

அடுத்த நாள் தில்லைநாதன், தாமும் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, இரு குழாய்களையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு கடலூர்ப் பேருந்தில் ஏறினார்.

4

அவருடைய குழாய் வெறுங்குழாய்.

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கையில் அதைச் சன்னல் வழியே வீசினார். பி.முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள், தம் பெயர் எழுதிய தாளை எடுத்து, ஞானாம்பாளின் குழாயில் அவள் பெயருக்கு மேலேயே ஒட்டினார். ஓடுகின்ற வண்டியில் கை நடுங்காமற் சீட்டுக் கிழித்துப் பழகியவர், கோணலின்றி ஒட்டியிருக்கிறார்.

இவ்விடத்தில் என் பேனா நின்றுவிட்டது. இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா? ஆய்வகத்துப் பெண் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று எழுதினால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூட எண்ணினேன். செய்யாத குற்றத்தை ஒரு பெண்ணின்மேற் சுமத்த மனம் ஒப்பவில்லை. எனவே தில்லைநாதனையே அழைத்து, ஏன் செய்தீர் என்று கேட்டேன்.

"ஆறு மாசமா எனக்கு ரத்தம் போவுது மச்சான். அண்ணனுக்கும் மொதல்ல அப்படித்தான் போச்சு. என்னுதக் குடுத்தா இன்னா வரும்னு எனக்கே தெரியும். அவளுது நல்ல ஒடம்பு. அவளுத என் பேர்ல குடுத்தா, ஒண்ணும் இல்லன்னு எனக்கு ஒரு பேப்பர் வரும். அதக் காட்டுனா அவ நிம்மதியா தூங்குவா."

"அவளுக்கு?"

"அவளுக்கு யாரு பேப்பர் கேட்டா? உன்னுது நல்லா இருக்குதுன்னு லேப்லயே வாயால சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

பத்து நாள் கழித்துத் தாள் வந்தது. தில்லைநாதன், ஆண், அறுபத்தொன்று. மலத்தில் இரத்தம் உள்ளது, மேற்பரிசோதனை தேவை.

அது யாருடைய இரத்தம் என்பது உலகில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். இரு நாள் கழித்து அவர் என் வீட்டிற்கு வந்தார். அதன்பின் இருவருக்குத் தெரியும்.

5

நிலைமையை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். நோய்க்குறி உடையவள் நலமாக இருப்பதாக நம்பிக்கொண்டு, சோதனையே செய்துகொள்ளாதவரைக் கண்ணை இமை காப்பது போலக் காத்துக்கொண்டிருந்தாள். காரத்தைக் குறைத்தாள். திங்கட்கிழமைகளில் ஒருவேளை உண்டு கோயிலைச் சுற்றினாள். கடலூரில் ஒரு மருத்துவமனையில் கணவருக்குக் குடலுக்குள் கருவி செலுத்திப் பார்ப்பதற்கு வியாழக்கிழமை ஒன்றில் நாள் குறித்து வாங்கினாள். "பயப்படாதீங்க, நான் இருக்கன்ல" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாராம்.

நானோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அன்புள்ள ஞானாம்பாளுக்கு, நலம். நலமறிய ஆவல்." — (இவ்விடத்தில் இதை எழுதிய கையை என்னவென்பது!)

"அன்றையதினம் பேருந்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது." — தானாக நேரவில்லை. அடித்தேன்.

"உனது மாதிரி எனது பெயரில் அளிக்கப்பட்டுவிட்டபடியால்—" வட்டாட்சியர் அலுவலகத்து மடல் போல் இருந்தது. அடித்தேன்.

"நீ எனக்குத் துணையாக—" இதை முடிக்க என்னால் இயலவில்லை.

கணவன் மனைவிக்கு எழுதும் மடலில் 'மலம்' என்னும் சொல் வரலாமா என்று ஒரு பகல் முழுதும் யோசித்தேன். ஒரு நாளைக்கு ஒரு படி என்று எட்டுப் படிகள் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதினும் செம்மையாக வந்தது. தில்லைநாதன் மாலைதோறும் வந்து, "ஆச்சா மச்சான்?" என்பார். "நாளை ஆகிவிடும்" என்பேன். அவர் முகத்தில் ஒரு நாள் தப்பியது போன்ற தெளிவு தோன்றும்.

கோழை என்று அவரைத்தான் எழுதி அடித்தேன். அந்த எட்டு நாளும் என் தங்கையின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

6

ஞானாம்பாள் செவ்வாய் மாலை பள்ளியிலிருந்து நேரே என் வீட்டிற்கு வந்தாள்.

"அண்ணே, நாளன்னிக்கு கடலூருக்கு நீங்களும் வரணும். அவருக்கு மயக்கம் குடுப்பாங்களாம். வெளிய தனியா ஒக்கார எனக்கு தெகிரியம் இல்ல. அவரு அண்ணன், பெரிய மாமாவ ஒருக்கா பாத்துட்டேன் இல்ல?"

எட்டாம் படி மேசைமேல் இருந்தது. எடுத்து நீட்டினேன். கண்ணாடி கொண்டுவராதவள், தாளைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து நான்கு வரி படித்தாள்.

"இன்னாண்ணே இது? சர்க்கார் தபால் மாதிரி இருக்குது. யாரு யாருக்கு எழுதுனது? இன்னா சொல்ல வர்றீங்க?"

வாழ்நாளில் நான் வகுப்பிலும் வீட்டிலும் கொச்சையாகப் பேசியதில்லை என்பது என் பெருமை. அன்று வேறு மொழி வாயில் வரவில்லை.

"அந்த டியூப்பு அவருது இல்ல ஞானம். உன்னுது."

அவள் நாற்காலியில் அமர்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லியா?"

முதற்கேள்வி இதுதான். நான் புனைந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்கமாட்டேன். மிகை என்று கருதி அடித்திருப்பேன்.

"தெரியாது. அவரு குடுக்கவே இல்ல."

"குடுக்கவே இல்லியா? எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னது?"

"பொய்."

"உங்களுக்கு எத்தினி நாளா தெரியும்?"

"எட்டு நாளா."

அவள் மேசையைப் பார்த்தாள். அடித்தலும் திருத்தலுமாய்க் கிடந்த ஏழு தாள்களையும் பார்த்தாள்.

"எட்டு நாளா இத எழுதிக்கினு இருந்தீங்களா?"

"ஆமா."

"நல்லா வந்துருக்கா?"

[இவ்வினாவை நீக்கிவிடலாமா என்று பலமுறை கருதினேன். நீக்கவில்லை. விடையும் சொல்லவில்லை.]

7

இதன்பின் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பண்ருட்டியிலுள்ள மகன் வீட்டிற்குப் போய்விட்டாள் என்று எழுதலாம். பலர் எழுதுவர். அவளோ நேரே தன் வீட்டிற்கு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். தில்லைநாதன் அவள் காலையில் வைத்துவிட்டுப் போன கஞ்சியைச் சூடாக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்னுத உங்க பேர்ல குடுத்தீங்களாமே?"

அவர் என்னைப் பார்த்தார். "லெட்டரக் குடுத்துட்டீங்களா மச்சான்?"

"அது எனக்குப் புரியல. அண்ணன் வாயால சொன்னாரு. ஊருல அவன் அவன் பொண்டாட்டி நகையத் திருடறான், சீட்டுப் பணத்தத் திருடறான். எதத் திருடறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"பயந்துட்டேன் ஞானம். ரத்தம் போவுது. ஆறு மாசமா."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் கோபம் அவ்விடத்தில் இரட்டித்தது. வேறு நிறமும் கொண்டது. "ஆறு மாசமா? பெரிய மாமாவுக்கு அள்ளுன கை இது. என்கிட்ட சொல்ல இன்னா வெக்கம் உங்களுக்கு?"

"அதனாலதான் சொல்லல. மறுக்கா உன் கையில அந்த வேலயக் குடுக்க—"

"இப்ப நான் படுத்தா யாரு அள்ளுவா?"

"நான்."

"கதவத் தாண்டி உள்ள வருவீங்களா?"

தில்லைநாதன் கஞ்சியைக் கீழே வைத்தார். நான் அவருக்காக ஒரு விடையை இங்கே எழுதித் தருவதாக இல்லை. எழுதித் தந்தது போதும்.

8

புதன் காலை மூவரும் கடலூர் சென்றோம். மஞ்சக்குப்பத்தில் அம்மருத்துவமனை. மருத்துவர் வெண்மதிக்கு என் பழைய மாணவியர் வயது இருக்கும். தில்லைநாதன் நடந்ததை முழுதும் அவரே சொன்னார். பாதியில் இருமுறை நின்றார்; நாங்கள் இருவரும் உதவவில்லை. சொல்லி முடித்தார்.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "சார், ரத்தம் கண்ணால பாக்கறவங்க இந்த டியூப் டெஸ்ட்டுக்கே நிக்கக் கூடாது. நேரா வந்திருக்கணும். உங்க அண்ணனுக்கு வேற இருந்திருக்கு. உங்களுக்குக் கட்டாயம் பாக்கணும்."

"எனக்கு இன்னொரு டியூப்பு குடுத்துப் பாக்கலாமா டாக்டர்?" என்றாள் ஞானாம்பாள்.

"ரெண்டாவது நல்லா வந்தா மொதல்ல வந்தது பொய்ன்னு ஆயிடாதும்மா. உள்ள பாத்துடலாம். நெறைய பேருக்குப் புத்து இருக்காது. இருந்தாலும், ஒரு தொந்தரவும் இல்லாதப்பவே கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. நீங்க சரியான நேரத்துல வந்திருக்கீங்க."

"நாளைக்கு என் பேர்ல நாள் இருக்குது டாக்டர்," என்றார் தில்லைநாதன். "அத அவ பேருக்கு மாத்திக் குடுங்க."

இம்முறை பெயர் மாறியது எல்லோரும் பார்க்க, மருத்துவமனைக் கணினியில்.

குடலைத் தூய்மை செய்யும் மருந்துநீரை வீட்டில் அவரே கலக்கினார். கால்மணிக்கு ஒரு குவளை. குமட்டுகிறது என்று அவள் தள்ளியபோது, "பாதி வழியில எறங்கக் கூடாது, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை, குடித்தாள். குளியலறைக்கு அவள் போய்வந்த ஒவ்வொரு முறையும் அவர் வாளியும் துடைப்பமுமாக உள்ளே போனார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஏழாவதோ எட்டாவதோ முறை அவள், "போதும், செத்த ஒக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை.

வியாழனன்று அவள் குடலில் இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று மிளகளவு. மற்றொன்று மொச்சைக்கொட்டை அளவு. இரத்தம் கசிந்தது அதிலிருந்துதான். இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். முழுதாக வந்துவிட்டதாகவே தோன்றுகிறது என்றார் வெண்மதி. ஆயினும் திசுச்சோதனை சொல்வதே இறுதி. பத்து நாளாகும்.

இடையில் தில்லைநாதனுக்கும் பார்த்தார்கள். உள்மூலம். வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் அவரை ஆட்டிவைத்தது அதுதான்.

9

இதுவரை எழுதியதை ஞானாம்பாளிடம் படித்துக் காட்டினேன். கொச்சையாக அவள் பேசியதை எல்லாம் அப்படியே எழுதியிருப்பதற்குக் கோபிப்பாள் என்று நினைத்தேன். வேறொன்று சொன்னாள்.

"ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க அண்ணே. வந்தப்புறம் எழுதுனா, படிக்கறவங்க அத மட்டும்தான் ஞாபகம் வெச்சிக்குவாங்க. போனேன், பாத்தாங்க, எடுத்துட்டாங்க. அது போதும்."

ஆதலால் முடிவு இரண்டை எழுதி, ஒன்றையும் நான் தேர்ந்தெடுக்காமல் உங்கள் கையில் தருகிறேன்.

ஒன்று: தாளில் தீங்கற்ற முளை என்றிருக்கிறது. மூன்றாண்டு கழித்து மீண்டும் வந்து பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொல்கிறார். ஞானாம்பாள் திங்களன்று பள்ளிக்குப் போய், முட்டை அவிக்கும் அண்டாவை ஏன் சரியாகத் தேய்க்கவில்லை என்று சமையலரைக் கடிந்துகொள்கிறாள்.

மற்றொன்று: முளையின் நுனியில் புற்று தொடங்கியிருக்கிறது. குடலில் ஒரு சாண் அளவு வெட்டித் தைக்கிறார்கள். ஒரு மாதம் விடுப்பு. பரவுவதற்கு முன்னரே கண்டுவிட்டமையால் அதற்குப் பிந்திய ஒரு திங்களன்று அவள் பள்ளிக்குப் போய், அதே அண்டாவைப் பற்றிக் கடிந்துகொள்கிறாள்.

மூன்றாவது ஒன்றும் எழுதினேன். அதில் குழாயை ஒருவரும்— வேண்டா. கிழித்துவிட்டேன்.

இவ்விரண்டையும் கேட்டுவிட்டு அவள், "ரெண்டுலயும் அவர எங்க காணோம்?" என்றாள்.

உண்மை. நான் அவரை எங்கே வைப்பதென்று அறியாமல் விட்டுவிட்டேன். மன்னித்தாள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. மன்னிக்கவில்லை என்று எழுதவும் இல்லை. அவர்களுக்குள் இப்போது என்ன பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. முன்பு இருவரும் என்னிடம் வந்து சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை. அதை நல்ல அடையாளமாகவே கொள்கிறேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். இன்று காலை, தாளை வாங்கிவர இருவரும் கடலூருக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்பச் சிதம்பரம் பேருந்து நிலையத்திற்குச் சென்றேன். ஞானாம்பாள் சன்னலோரம் அமர்ந்தாள். பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்தாள். தில்லைநாதன் பின்னால் ஏறி, முப்பது ஆண்டுப் பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளருகே நின்றார். இடம் கேட்கவில்லை. அவள் சன்னல் வழியாக என்னைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணே" என்றாள். அதை நான் நின்று பார்த்து எழுதிவிடுவேனோ என்று அவளுக்கு ஐயம்.

நான் திரும்பி நடந்துவிட்டேன். நடத்துநர் இன்னும் விசில் ஊதவில்லை. பை அந்த இருக்கையில்தான் இருக்கிறது. அதை எடுத்து அவள் மடியில் வைக்க விரும்புவோர் வைக்கலாம்.